முகூர்த்தமில்லாத நாளின் பூச்செண்டு

மணிவிழாக் காணும் பெரியவரை வணங்கவோ, பரீட்சையில் தேறிய பெண்ணை வாழ்த்தவோ, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உறவினரைப் பார்த்து ஆறுதல் சொல்லவோ புறப்படுகிற நகரவாசி, வழியில் கண்ணாடிக் கதவு போட்ட கடையொன்றில் வண்டியை நிறுத்தி, 500 ரூபாயோ 1,000 ரூபாயோ கொடுத்து, பளபளக்கும் தாளில் சுற்றிய பூங்கொத்து ஒன்றை வாங்கிக்கொண்டு போவது இன்று சர்வ சாதாரணமான காரியமாகிவிட்டது. கொடுப்பவருக்குத் திருப்தி, பெறுபவருக்குச் சந்தோஷம். இடையில் மூன்றாமவன் வாய் திறக்க நியாயமில்லை என்றே தோன்றும். ஆயினும் அந்தக் கொத்தை இரண்டாம் நாள் காலையில், குப்பைக்குப் போகுமுன், நிதானமாகப் பிரித்துப் பார்க்கிறவருக்குச் சில உண்மைகள் விளங்கும். முதலில் கழல்வது நாடா. அதன்பின் சரசரக்கும் பிளாஸ்டிக் தாள். அதற்குள் வலைபோன்ற இன்னொரு வண்ணத்தாள். அதற்கும் உள்ளே, தண்ணீர் குடித்துக் கனத்த பச்சைப் பஞ்சுக்கட்டி. அந்தக் கட்டியில் குத்தப்பட்டு, பாதித் தண்டு வெட்டுண்டு, வெளியிதழ்கள் உரிக்கப்பட்டு நிற்கும் பத்து ரோஜா, இரண்டு ஜெர்பரா, வெள்ளைப் பொடிப் பூவாக ஒரு பிடி ஜிப்சி, ஓரத்தில் பெரணி இலை. பூவென்று சொல்லத்தக்கது அவ்வளவுதான். அந்தப் பத்து ரோஜா அன்று விடியற்காலை மொத்தச் சந்தையில் என்ன விலைக்குப் போயிற்று என்று விசாரித்து அறிந்தவர், தாம் கொடுத்த தொகையில் பெரும்பங்கு பூவுக்கன்று, பூவைச் சுற்றியிருந்தவற்றுக்கும் கடையின் குளிர்சாதனத்துக்கும் வாடகைக்குமே போயிற்று என்பதைச் சிரமமின்றி ஊகித்துக்கொள்வார்.

கடைக்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வாடும் சரக்கை வைத்து வியாபாரம் செய்கிறவர், வாடிப்போனதன் நஷ்டத்தையும் விற்றதன் விலையில் சேர்த்துத்தான் ஆகவேண்டும். நான் சொல்ல வந்தது வேறு. இந்தத் தமிழ்நாட்டில் பூ மலிவு, பூங்கொத்துதான் கிராக்கி. ஆகையால் கொத்தைக் கடையில் வாங்காமல், பூவைச் சந்தையில் வாங்கிக் கொத்தை வீட்டிலே கட்டிக்கொள்வது பணத்துக்கும் நல்லது, ரசனைக்கும் நல்லது. அதிலும் முகூர்த்தமும் பண்டிகையும் இல்லாத வெறும் நாட்களில் அப்படி வாங்குவது, பூவை விளைவிக்கிறவருக்கு நாம் செய்யக்கூடிய மிகச் சுலபமான உபகாரம்.

சந்தைகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. சென்னையில் 1996இல் எழுந்த கோயம்பேட்டு வளாகத்தில் காய்கறிக்கும் கனிக்கும் பக்கத்திலேயே பூவுக்கென்று ஒரு தனிச் சந்தை இருக்கிறது. மதுரைக்கு மாட்டுத்தாவணி, திண்டுக்கல் சீமைக்குத் திண்டுக்கல்லும் நிலக்கோட்டையும், குமரி மாவட்டத்துக்குத் தோவாளை, அங்கிருந்து ஆரல்வாய்மொழிக் காற்றோடு கேரளத்துக்கும் பூப் போகிறது, கொங்கு நாட்டில் சத்தியமங்கலம், அங்கே விவசாயிகள் சங்கமாகக் கூடித் தங்கள் பூவை ஏலத்தில் விடுகிறார்கள், வடமேற்கு மூலையில் ஓசூர், அங்கே கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 3,000 அடி உயரத்து மிதமான சீதோஷ்ணத்தில், பசுமைக்குடில்களில் வளரும் தாஜ்மஹால் என்னும் சிவப்பு ரோஜா பிப்ரவரி மாதத்தில் விமானமேறி அந்நிய நாடுகளுக்குப் போகிறது. இந்தச் சந்தைகளில் எதற்காவது ஒருநாள் காலை ஆறு மணிக்குள் போய்ச் சேர்ந்து, மூட்டை அவிழ்க்கும்போது எழும் அந்தக் கலவையான வாசனையில் சற்று நின்றவருக்கு, கண்ணாடிக் கதவுக் கடையின் குளிர்ந்த மௌனம் பிறகு ரசிக்காது.

ஆனால் புதிதாகப் போகிறவர் அங்கே ஒரு திகைப்புக்கு ஆளாவது நிச்சயம். குவியல் குவியலாகப் பூ இருக்கும். பூச்செண்டுக்கு உதவும் பூ கண்ணில் படாது. காரணம் எளிது. நம் பூ வியாபாரம் முழுவதும் மாலைக்காகவும் சரத்துக்காகவும் ஏற்பட்ட வியாபாரம். மல்லிகை, முல்லை, கனகாம்பரம், பிச்சி, அரளி, செவ்வந்தி, துலுக்க சாமந்தி யாவும் தலைப்பூவாகக் கொய்யப்பட்டு, உதிரியாக, கிலோக் கணக்கில் விற்பவை. கட்டிய பிறகு முழக் கணக்கில் விற்பவை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியே ஆனாலும், காம்பு ஒரு விரற்கடை நீளம்கூட இல்லாத அந்த மொட்டை ஜாடியில் வைக்க முடியாது. பூங்கொத்துக்கு வேண்டுவது தண்டு. தண்டோடு வெட்டிய பூ நம் சந்தைகளில் ஒரு மூலையில், வாளிகளிலும் செய்தித்தாள் சுற்றிய கட்டுகளிலும் இருக்கும். அந்த மூலையைத் தேடிக் கண்டுபிடிப்பதே முதல் வேலை.

அங்கே ரோஜா 20 தண்டு கொண்ட கட்டாகவும், ஜெர்பரா 10 கொண்ட கட்டாகவும் விற்கும். விசேஷமில்லாத நாளில் ரோஜாக் கட்டு ஒன்று 100 ரூபாயை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ கிடைக்கும். பாதிக் கட்டுக் கேட்டால் பெரும்பாலும் இதுதான் பதில்: "கட்டப் பிரிச்சா மிச்சம் நிக்காது சார், முழுசா எடுத்துக்கங்க, கொசுறா ரெண்டு சம்பங்கித் தண்டு வச்சுத் தர்றேன்." அவர் சொல்வது வாஸ்தவம். பிரித்த கட்டை அடுத்தவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். ஆகவே அடுத்த வீட்டு அக்காவையும் எதிர்வீட்டு மாமியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, ஆளுக்கொரு கட்டு வாங்கி, வீட்டுத் திண்ணையில் பங்கு பிரித்துக்கொள்வதே உசிதம். அப்படிப் பிரித்துக்கொள்ளும்போது ஒரே நிறத்தில் 20 ரோஜா என்ற சலிப்பும் நீங்கி, மூன்று நிறம் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து சேரும்.

கட்டை எடுக்குமுன் கையால் சோதிக்கத் தயங்க வேண்டாம். ரோஜாவின் இதழ்க்கூட்டு தண்டோடு சேரும் இடத்தை இரு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தால், புதுப்பூ கெட்டியாக எதிர்க்கும். பழையது மெத்தென்று அமுங்கும். வெளியிதழ்கள் இரண்டு மூன்று சற்றுக் கறுத்தும் கசங்கியும் இருப்பது குற்றமன்று, உள்ளிருப்பதைக் காக்கவே அவை இருக்கின்றன. அவை ஒன்றுகூட இல்லாமல் பூ மிகவும் சுத்தமாக இருந்தால், நேற்றும் முந்தாநாளும் யாரோ உரித்திருக்கிறார்கள் என்று பொருள். தண்டின் வெட்டுவாய் பச்சையாக இருக்க வேண்டும். பூவின் மேல் தெளித்த தண்ணீரைக் கண்டு மயங்க வேண்டாம்.

இனி என் பிரத்தியேகமான அபிப்பிராயம் ஒன்றைச் சொல்கிறேன். ரோஜாவை நம்பிப் பூச்செண்டு கட்டுகிறவர் சிக்கனம் பேசக்கூடாது. சிக்கனமும் அழகும் சேர்ந்து வேண்டுமென்றால் அதற்கு நம் சந்தை தந்திருக்கும் பூ சம்பங்கி. ஒரு முழத்துக்கும் மேல் நிமிர்ந்து நிற்கும் தண்டு, அதில் கீழிருந்து மேலாக ஜோடி ஜோடியாக விரியும் வெண்மை, சாயங்காலமானால் அறை முழுவதும் நிறையும் வாசனை ஆகிய மூன்றும் கொண்ட இந்தப் பூ, மாலைக்கு உதிரியாகப் போவதற்கென்றே பயிராகிறதென்று நம்மவர் நினைத்துவிட்டார்கள். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் பிரஜ்வல், சிருங்கார், சுவாசினி, வைபவ் என்று நல்ல ரகங்களாகவே உண்டாக்கித் தந்திருக்கிறார்கள். அவற்றுள் சுவாசினியும் வைபவும் அடுக்குப் பூக்கள், தண்டோடு வைப்பதற்கு ஏற்றவை. கீழ் மொட்டுகள் இரண்டு மூன்று மாத்திரம் மலர்ந்திருக்கும் தண்டாகப் பார்த்து வாங்கி, நுனியிலுள்ள பட்டாணியளவு மொட்டுகளை நகத்தால் கிள்ளிவிட்டு, தினமும் வாடிய பூவைக் கீழிருந்து அகற்றிக்கொண்டே வந்தால், தண்டு ஒரு வாரம் தன் கடமையைச் செய்யும். ஐந்து சம்பங்கித் தண்டும் ஒரு பிடி மருவும் போதும், கிரகப்பிரவேசத்துக்குக் கொண்டுபோகலாம். எந்த வீட்டுக்காரியும் அதை மூலையில் வைக்கமாட்டாள்.

சம்பங்கிக்கு அடுத்தபடி கோழிக்கொண்டை. வெல்வெட்டுத் துணியை மடித்து வைத்தாற்போன்ற அந்தச் செம்மையை எந்தப் பசுமைக்குடில் பூவும் எட்டாது. விலையோ கேட்கவே கூச்சமாக இருக்கும் அளவுக்குக் குறைவு. அதற்கடுத்து ஆஸ்டர், ஊதாவும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக. பிறகு வாடாமல்லி, செண்டில் இருந்து காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் நிறம் விடாது, ஆகையால் ஒருமுறை வாங்கியதைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு உலர்த்தி, அடுத்த கொத்துக்கும் சேர்க்கலாம். கிளாடியோலஸ் மலிவுதான், எனக்கென்னவோ அதன் விறைப்பு ராணுவ அணிவகுப்பை நினைவூட்டுவதால் பிடிப்பதில்லை.

தண்டுப் பூ அகப்படாத ஊர்களும் உண்டு. அங்கிருப்பவர் என்ன செய்வது? இதற்கு நம் பூக்கட்டும் தொழிலாளர்கள் எக்காலத்திலோ விடை கண்டுவிட்டார்கள். கல்யாணத்துக்கு மாலை, ஜடை, செண்டு என்று சேர்த்துச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறதே, அந்தச் செண்டை அவர்கள் எதில் கட்டினார்கள்? தென்னை ஈர்க்கைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, துலுக்க சாமந்தியின் பச்சைக் காம்புக் கிண்ணத்தில் கீழிருந்து செருகி, இதழ் நடுவில் முனை எட்டிப் பார்க்குமுன் நிறுத்திவிடுவது. செருகிய இடத்தில் ஈர வாழைநாரை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குவது. இவ்வளவுதான் வித்தை. ஈர்க்கு வளையும், ஒடியாது. ஆகையால் பூவை வேண்டிய பக்கம் சாய்த்துக்கொள்ளலாம். இருபது ஈர்க்குப் பூவை ஒரு கைப்பிடியாகச் சேர்த்து, சுற்றிலும் நொச்சியிலையோ மாவிலைக் கொழுந்தோ வைத்து, பிடியின்மேல் வாழைமட்டைப் பட்டையை ஈரத்தோடு சுற்றினால், கால் கிலோப் பூவில் ஒரு செண்டு முடிந்துவிடும். தண்ணீர் ஏறாது என்பது இதன் குறை. ஆனால் சாமந்தி வகை தண்ணீரில்லாமலே ஒரு பகலும் இரவும் தாங்கும். மேடையில் கொடுத்துக் கைகுலுக்கி இறங்குவதற்கு அதற்குமேல் ஆயுள் அவசியமில்லை.

அந்தப் பச்சைப் பஞ்சுக்கட்டியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 1954இல் அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்தில் ஸ்மிதர்ஸ் என்பவர் உண்டாக்கிய பொருள் அது. பெயர்தான் பஞ்சு, உண்மையில் மக்காத பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்த நுரை. கையில் நொறுங்கித் தூளாகி, தண்ணீரோடு போய்ச் சாக்கடையிலும் ஏரியிலும் கலக்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி முதல் தடை செய்த மாநிலத்தில், வாழ்த்துச் சொல்லும் சாக்கில் இதை வீட்டுக்கு வீடு சுமந்து செல்வது பொருத்தமாக இல்லை. ஒரு வாழைத்தண்டை அரையடிக்கு நறுக்கித் தட்டில் நிறுத்தி, குச்சியால் துளையிட்டுப் பூத்தண்டுகளைச் செருகிப் பாருங்கள். அதுவே ஈரம், அதுவே பீடம், வாடிய பிறகு மாட்டுக்குத் தீனி.

எங்கே, என்ன என்பவற்றுக்குப் பிறகு எப்போது என்பது வருகிறது. சிக்கனத்தின் சூட்சுமம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. பூ விலையை நிர்ணயிப்பது பஞ்சாங்கம். துலுக்க சாமந்தி ஒருவாரம் கிலோ 10, 20 ரூபாய்க்கு இறங்கிக் கேட்பாரற்றுக் கிடக்கும். ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முந்தி அதுவே பல மடங்கு ஏறி நிற்கும். மல்லிகை மார்கழி, தைப் பனியில் வரத்துக் குறைந்து, பொங்கலையொட்டிக் கிலோ 3,000 ரூபாயைத் தாண்டும் வருஷங்கள் உண்டு. ஆவணி, தை, வைகாசி மாதங்களின் வளர்பிறை முகூர்த்தங்களில் சம்பங்கிக்கும் ரோஜாவுக்கும் பிடித்தது யோகம். ஆவணியில் ஓணத்துக்கு முந்தின பத்து நாளும் தோவாளைப் பூவெல்லாம் மலையாள நாட்டு அத்தப்பூக்கோலத்துக்குப் போய்விடும். நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்குச் செவ்வந்தி ஏறும். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் ரோஜாவின் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. ஆடி மாதத்தில் கல்யாணமில்லையே, மலிவாக இருக்கும் என்று எண்ணிப் போகிறவர் செவ்வாயும் வெள்ளியும் அம்மன் கோயில்கள் எத்தனை என்பதை மறந்துவிடுகிறார். ஆடியில் வாங்க வேண்டுமானால் அந்த நாட்களைத் தவிர்த்துப் போக வேண்டும். புரட்டாசியின் முற்பகுதி, முகூர்த்த நாள் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட தேய்பிறை நாட்கள், பெரிய பண்டிகையின் மறுநாள் ஆகிய இவையே வீட்டுப் பூச்செண்டுக்கு உத்தமமான காலங்கள்.

மார்கழியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அப்போது மல்லிகை யானை விலை, ஆனால் செவ்வந்தி என்னும் சாமந்தி கொழிக்கும். பகல் குறுகி இரவு நீளும்போதுதான் மொட்டுக்கட்டும் சுபாவம் சாமந்திக்கு உண்டு. ஓசூர்ப் பக்கத்தில் இரவுப் பயணம் செய்கிறவர்கள், வயல் நடுவில் கல்யாண வீடுபோல் வரிசை வரிசையாக விளக்கெரிவதைப் பார்த்து வியந்திருப்பார்கள். செடியை இன்னும் பகல் என்று நம்பவைத்து, பூப்பதைத் தள்ளிப்போட்டு, நல்ல விலையுள்ள வாரத்துக்கு அறுவடையைக் கொண்டுபோகும் யுக்தி அது. ஆனால் எல்லா உழவரிடமும் அந்த விளக்குக்கும் மின்சாரத்துக்கும் வசதியில்லை. விளக்கில்லாத வயல்களில் சாமந்தி தன் இயல்பான பருவத்தில் ஒரேயடியாகப் பூத்து, ஒரேயடியாகச் சந்தைக்கு வந்து, ஒரேயடியாக விலை விழுகிறது. மஞ்சளும் வெள்ளையுமாகக் கிளைத் தண்டோடு வெட்டிய சாமந்தி ஜாடியில் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். பூவுக்கு முன் இலைதான் வாடும், இலையைக் கிள்ளிவிட்டால் தீர்ந்தது.

விலை விழுகிறது என்று ஒரு வாக்கியத்தில் எழுதிவிட்டேன். விழும் இடத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டாமா? விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பறித்து, மூட்டை கட்டி, வண்டியில் ஏற்றி, கமிஷன் கடைக்குக் கொண்டுவந்து போட்ட பிறகு, வண்டிக் கூலியும் பறித்த கூலியும்கூடக் கட்டாத விலை சொல்லப்படும்போது, பூவைச் சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போகிற காட்சியை ஆண்டுக்கு ஒருமுறையாவது பத்திரிகைகளில் படமாகப் பார்க்கிறோம். நெல்லைக் குதிரில் வைக்கலாம், வெங்காயத்தைப் பட்டறை போடலாம். பூவை நாளைக்கென்று வைக்க முடியாது. அரசாங்கத்தின் ஆதார விலையும் அதற்குக் கிடையாது. நம் பூத் தேவை முழுவதும் கோயிலையும் கல்யாணத்தையும் சாவையும் சுற்றியே இருப்பதால், அவை இல்லாத நாட்களில் வாங்குவோர் இல்லை. வெறும் செவ்வாய்க்கிழமையில், ஒரு விசேஷமும் இல்லாமல், மேஜைமேல் வைக்க வேண்டுமென்றோ ஆசிரியைக்குக் கொடுக்க வேண்டுமென்றோ பூ வாங்கும் குடும்பங்கள் பெருகினால் இந்தப் பள்ளம் சிறிதாவது மேடாகும். பஞ்சாங்கத்தை மீறிய தேவை ஒன்றை உண்டாக்க வல்லது வீட்டுப் பூச்செண்டுதான். மலிவான நாளில் வாங்குகிறவர் உழவரின் கஷ்டத்தில் லாபம் அடைகிறார் என்று சிலர் மனம் நோகலாம். அந்த நாளில் வாங்காமல் இருப்பவரால் உழவருக்கு என்ன பிரயோஜனம் என்று அவர்களைக் கேட்க விரும்புகிறேன். பேரம் பேசுவதிலும் ஒரு தர்மம் உண்டு. மொத்தக் கடையில் கட்டுக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்பது வியாபாரம். போணியாகாத கூடையோடு வெயிலில் உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மாவிடம் முழத்துக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்பது அற்பத்தனம்.

இந்த யோசனைக்கு வீட்டிலிருந்தே எழும் ஆட்சேபங்கள் சில. சம்பங்கியும் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் சாவு மாலைக்குப் போகும் பூக்கள், அவற்றை எப்படி நல்ல காரியத்துக்குக் கொண்டுபோவது என்பது முதலாவது. அதே சம்பங்கிதான் மாப்பிள்ளை கழுத்திலும் பெருமாள் தோளிலும் கிடக்கிறது. ரோஜா இதழையும் இறுதி ஊர்வலத்தில் தெருவெல்லாம் இறைக்கத்தான் செய்கிறோம், அதற்காக ரோஜாவை யாரும் விலக்கவில்லை. உண்மையில் இங்கே விலக்கப்படுவது துக்கமன்று, மலிவு. விலை குறைந்த பூவைக் கொடுத்தால் நம் மதிப்புக் குறைந்துவிடும் என்ற பயத்துக்குச் சகுனம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

ஜெர்பராவும் கார்னேஷனும் அந்நியப் பூக்கள், நம் மரபில் இல்லாதவை என்று இதற்கு நேர்மாறாகப் பேசுகிற சுதேசிகளும் உண்டு. அவர்களுக்குச் சொல்வதெல்லாம், சம்பங்கியின் பிறந்தகம் மெக்சிகோ. துலுக்க சாமந்தியும் அங்கிருந்து கப்பலேறி வந்ததுதான். சில நூற்றாண்டுகளில் இரண்டும் கர்ப்பக்கிருகம் வரை போய்விட்டன. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஜெர்பராவுக்கு மாத்திரம் வாசலில் காவல் போடுவானேன்? கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிச் சொல்கிறார். தலைவியும் தோழியும் மலைச்சாரலில் அலைந்து திரட்டிய அந்தப் பூக்கள் காசுக்கு வாங்கியவையல்ல. ஒரே ஜாதிப் பூவை நூறு கொண்டுவந்து குவிப்பதைவிட, கண்ணில் பட்ட வகையிலெல்லாம் ஒன்றிரண்டு சேர்ப்பதே அழகென்னும் ருசி அங்கே இருக்கிறது. வேலியோரத்து நொச்சி, கிணற்றடி மரிக்கொழுந்து, தொட்டியில் வளரும் குரோட்டன்ஸ் இலை யாவற்றுக்கும் கொத்தில் இடமுண்டு.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. பூச்செண்டே வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று இப்போது மேடைகளிலும் அழைப்பிதழ்களிலும் கேட்டுக்கொள்கிறார்கள். புத்தகம் விற்க வேண்டும் என்பதில் எழுதிப் பிழைக்கிற எனக்கு மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் மேடையில் குவியும் நூறு கொத்தைக் கண்டு பிறந்த அருவருப்பை, ஒரு வீட்டில் ஒரு நோயாளியின் தலைமாட்டில் இருக்க வேண்டிய நாலு பூவின்மேல் காட்டுவது சரியன்று. காய்ச்சலில் கிடப்பவர் புத்தகம் படிக்கமாட்டார். விரயமானது நாடாவும் தாளும் நுரையும். பூவுக்கு அந்தப் பழி வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு செய்ய வேண்டியவை அதிகமில்லை. தண்டின் அடியை ஒரு விரற்கடை அளவுக்குச் சாய்வாக, தண்ணீருக்குள் வைத்தே வெட்டுவது. நீரில் அமிழும் இலைகளை உருவிவிடுவது. தினமும் தண்ணீர் மாற்றுவது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையும் சில துளி எலுமிச்சைச் சாறும் சேர்க்கலாம். சர்க்கரை மாத்திரம் போட்டால் பூவைவிடக் கிருமிக்கே விருந்தாகும், ஆகையால் புளிப்போ ஒரு சொட்டு வெளுப்பு மருந்தோ கூட இருக்க வேண்டும். ரோஜா கழுத்தைத் தொங்கவிட்டால் எறிந்துவிட வேண்டாம்; தண்டில் காற்றடைத்துத் தண்ணீர் ஏறாமல் நின்றிருக்கும்; அடியை மறுபடி வெட்டி, பூவும் தண்டுமாக அகலமான பாத்திரத்துத் தண்ணீரில் ஒரு மணி நேரம் படுக்கவைத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். ஜெர்பராவின் தண்டு மென்மையானது, அழுகும். அதற்கு நாலு விரற்கடைத் தண்ணீர் போதும். முக்கியமாக, பூஜை அலமாரிப் பக்கத்தில், பழுத்த வாழைப்பழச் சீப்புக்கு அருகே ஜாடியை வைக்கக்கூடாது. பழம் கனியும்போது வெளிவரும் வாயு பூவையும் சேர்த்து முதுமையடையச் செய்யும். கார்னேஷனுக்கு இது விசேஷமாக ஆகாது. நம் வீடுகளில் பூவும் பழமும் ஒரே தட்டில்தான் இருக்கும் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். முகூர்த்தமில்லாத நாளில் ரோஜா ஒரு கட்டு, சம்பங்கி ஒரு கட்டு, அரைக் கிலோ சாமந்தி, ஒரு பிடி மரு எல்லாம் சேர்ந்தாலும் கடைப் பூங்கொத்து ஒன்றின் விலையை எட்டுவது கடினம். அவற்றில் மூன்று செண்டு தாராளமாகக் கட்டலாம், பூஜைக்கும் மிஞ்சும். பழைய காதிக் கைக்குட்டையோ செய்தித்தாளோ சுற்றுவதற்குப் போதும்.

சந்தை இருக்கும் நகரத்தாருக்கு இவ்வளவும் கைகூடும். மற்ற ஊர்க்காரர் விடியற்காலையில் பஸ் ஏறிப் போய்ப் பூ வாங்கிவருவது நடவாத காரியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இங்கேதான் அரசாங்கம் செய்யத்தக்க சிறு உதவி ஒன்று இருக்கிறது. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் இன்று மாநிலமெங்கும் இருக்கின்றன. இடைத்தரகில்லாமல் உழவரே விற்பதுதான் அவற்றின் ஏற்பாடு. காய்கறிக்காகவே எழுந்த அந்தச் சந்தைகளில் தண்டோடு வெட்டிய பூவுக்கென்று நிலையான ஒரு மேடையை ஒதுக்கி, 20 தண்டுக் கட்டை 5 தண்டாகப் பிரித்து விற்க அனுமதித்து, தோட்டக்கலைத் துறையார் வாரத்தில் ஒருநாள் ஓசூரிலிருந்தும் நிலக்கோட்டையிலிருந்தும் சத்தியமங்கலத்திலிருந்தும் உழவர்கள் அங்கே வந்து சேர வண்டி வசதி செய்தால், சந்தையில் விலை விழும் நாட்களில் கொஞ்சம் பூவாவது சாலையோரத்துக்குப் போகாமல் வீடுகளுக்குப் போகும். அந்தச் சந்தைகளின் வாசலில் தினமும் விலைப்பலகை எழுதுகிறார்கள். கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் கீழே, சம்பங்கி ஐந்து தண்டு இன்ன விலை என்று இன்னுமொரு வரி எழுத இடம் இருக்கத்தான் செய்கிறது.